கை தெரிகிற புத்தகம்

ஓவியரோ சிற்பியோ நாயனக்காரரோ முக்கியப் பாத்திரமாக வரும் புத்தகம் மதிப்புரைக்கு வந்தால் நான் முதலில் கதையைப் பார்ப்பதில்லை. அவர் வேலை செய்யும் பக்கம் எங்கே என்று தேடுகிறேன். 'அற்புதமான ஓவியம் ஒன்றைத் தீட்டி முடித்தான்' என்று ஒரே வரியில் எழுத்தாளர் கடந்துவிட்டால், ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுவேன். எதன்மேல் தீட்டினான், துணியிலா, பலகையிலா, சுவரிலா? எந்த இடம் கைக்கு வராமல் அழித்துவிட்டு மறுபடி போட்டான்? சாயம் வாங்கக் காசு யார் கொடுத்தது? இவற்றில் ஒரு கேள்விக்காவது புத்தகம் பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் அதற்குள் இருப்பவன் கலைஞன் வேஷம் போட்ட ஒரு காதலன். சில புத்தகங்களில் கலைஞன் வேஷம் போட்ட குடிகாரன்.

இப்படிப் பார்க்கப் பழகியதற்கு நான் இருக்கும் ஊரும் ஒரு காரணம். 'எம்.எம்.டி.ஏ. மாத்தூர்' என்று சேர்த்துச் சொன்னால்தான் ஆட்டோக்காரர்களுக்கு விளங்கும். ஒரு பக்கம் மணலி ஆலைகள், மறுபக்கம் மாதவரம், நடுவே இரவெல்லாம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். மணலியில் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் பல காலம் வேலை பார்த்தேன். அங்கே நிறம் என்பது அழகு பார்க்க வைத்த சங்கதி கிடையாது. தண்ணீர்க் குழாய்க்குக் கடல் பச்சை, அழுத்தக் காற்றுக்கு வான நீலம், எண்ணெய்க்கு வெளிர் பழுப்பு, அமிலத்துக்குக் கரு ஊதா. நிறத்தைத் தப்பாகப் படித்தால் ஆளுக்கு ஆபத்து. துருவைச் சுரண்டி, பிரைமர் கொடுத்து, அது காய்ந்த பிறகே மேல் கோட் அடிக்க வேண்டும். எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றில், அவசரத்துக்கு அடித்த பெயின்ட் அடுத்த மழைக்குத் தாங்காது. பெயின்டர்களோடு நின்று பேசிப் பேசி, கையும் பொருளும் சேர்ந்து செய்வதுதான் வேலை என்று மனசில் பதிந்துவிட்டது. புத்தகம் படிக்கும்போதும் அதுவே கூட வருகிறது. இலக்கிய நண்பர்கள் சிலர் 'நீங்க நாவலை ஸ்டோர் ரூம் கணக்குப் பார்க்கிறீங்க' என்று கேலி செய்வதுண்டு. செய்யட்டும்.

தமிழில் கலைஞர்கள் அதிகம் குடியிருப்பது சரித்திர நாவலில்தான். கல்கி 1944 முதல் 1946 வரை எழுதிய 'சிவகாமியின் சபத'த்தைப் பலரும் காதல் கதையாகவோ போர்க் கதையாகவோ நினைவு வைத்திருப்பார்கள். எனக்கு அது ஆயனச் சிற்பியின் கதை. மகள் ஆட ஆட அந்த அபிநயங்களைக் கல்லில் எடுக்கிற அப்பா அவர். அஜந்தா வர்ணம் நூற்றாண்டுகள் கழிந்தும் ஏன் மங்கவில்லை என்ற ரகசியம் வேண்டும் என்று அலைகிறார். சுற்றிலும் ராஜ்யங்கள் மோதிக்கொள்கின்றன, மகளின் வாழ்க்கை கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, இவருக்கோ வர்ணத்தின் நினைப்பு. இந்தச் சுயநலத்தைக் கல்கி ஒளிக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. கலைஞன் என்றாலே தியாகி என்று எழுதிவந்த காலத்தில் இது துணிச்சலான காரியம். நாவலின் நடையை நீட்டல் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் மதிப்புரையில் ஆயனரை இரண்டு வரியில் தள்ளுகிறவர்களோடு உண்டு.

இந்த நாவலைப் பற்றி எழுத உட்கார்வதற்கு முன் மாமல்லபுரம் போய்வர வேண்டும். ஐந்து ரதங்களைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் போதாது. முடிக்கப்படாமல் நிற்கும் பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் பார்க்க வேண்டும். மேல்பகுதி துலங்கி வந்திருக்கும், கீழே வெறும் பாறை. அன்றைக்குச் சிற்பிகள் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கி வந்தார்கள் என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்ளலாம். அப்படி இறங்கி வருகிறவனுக்குத் தப்பு செய்ய இடமே இல்லை. தூணுக்கு விட வேண்டிய கல்லை உடைத்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. முடிந்த சிற்பம் சிற்பியை மறைத்துவிடுகிறது, முடியாத கல்லில்தான் உளி நின்ற இடம் தெரிகிறது. ஒரு சரித்திர நாவலாசிரியர் இந்தக் கற்களைப் பார்த்துவிட்டு எழுதினாரா, இல்லை சுற்றுலாக் கையேட்டைப் பார்த்து எழுதினாரா என்பதை அதற்குப் பிறகு சில பக்கங்களிலேயே பிடித்துவிடலாம்.

இதே சிற்பியைப் புதுமைப்பித்தன் சிறுகதையில் வேறு மாதிரி பிடித்தார். 'சிற்பியின் நரகம்' 1935-ல் வந்தது. நடராஜர் சிலையைச் செய்து முடித்த சாத்தன், அது கோயிலுக்குள் போன பிறகு யாரும் அதைச் சிலையாகப் பார்க்காமல் தங்கள் மோட்சத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பதாகக் கனவு காண்கிறான். கல்கிக்கு நூற்றுக்கணக்கான பக்கம் தேவைப்பட்ட இடத்தில் இவருக்குச் சில பக்கம் போதுமாக இருந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. தொடர்கதை வாராவாரம் வாசகனைக் கூட்டி வர வேண்டியது. சிறுகதைக்கு அந்தப் பொறுப்பு இல்லை. வகைக்கு வகை அளவு மாறும். மாறாதது ஒன்றுதான்: வேலை நடக்கிறதா, இல்லையா?

அந்தக் கேள்வியோடு போனால் பேர் பெற்ற புத்தகங்களிடமும் ஏமாற்றம் வருகிறது. அகிலனின் 'சித்திரப்பாவை' தமிழுக்கு முதல் ஞானபீடம் வாங்கித் தந்தது, 1975-ஆம் ஆண்டுக்கு. நாயகன் அண்ணாமலை ஓவியன். அவன் மனசு, லட்சியம், ஆனந்தியோடு அவன் பட்ட பாடு எல்லாம் நினைவில் நிற்கின்றன. அவன் தூரிகை பிடித்த விதம் நிற்கவில்லை. அவனைக் கவிஞனாக மாற்றிவிட்டால் கதையில் எத்தனை பக்கம் கெடும் என்று யோசித்துப் பார்த்தேன். அதிகம் கெடாது என்றே தோன்றுகிறது. இது அகிலன் ஒருவர் மேல் சொல்லும் குறை அல்ல. தமிழ் நாவல் இசைக்குக் கொடுத்த காதை ஓவியத்துக்குக் கண்ணாகக் கொடுக்கவில்லை. காரணம் தேடிப் போனால் வாசகரிடம்தான் வந்து நிற்கும். கச்சேரி கேட்ட வாசகர்கள் தஞ்சாவூரிலும் மயிலாப்பூரிலும் இருந்தார்கள், எழுத்தாளர் சுருதி தப்பினால் கடிதம் போடுவார்கள். ஓர் ஓவியத்தின் முன்னால் பத்து நிமிஷம் நின்ற வாசகர் எத்தனை பேர்? பள்ளியில் டிராயிங் வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டார். ஓவியம் நம் வீட்டுக்குள் வந்தது காலண்டராகவும் வாரப் பத்திரிகைப் படமாகவும்தான்.

இசை பக்கம் திரும்பினால் நிலைமை தலைகீழ். 'மோகமுள்'ளில் குரு ரங்கண்ணா தம்புராவைக் கேட்கச் சொல்லும் இடங்களைப் படித்துவிட்டு என் காதே கொஞ்சம் மாறியது. வடக்கிலிருந்து வரும் பாடகர்களின் குரலைக் கேட்டு அவர் சீடன் பாபு கலங்கும் பகுதி, குரல் என்பதும் கட்டிப் பழக்க வேண்டிய ஒரு கருவி என்று காட்டிவிடுகிறது. தி. ஜானகிராமனுக்குச் சங்கீதம் தெரியும் என்று சொல்வது சாதாரணப் பாராட்டு. சாதகம் என்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று அவருக்குத் தெரியும், அதுதான் பெரிது.

சினிமா ஸ்டுடியோவுக்கு வேலை கேட்டு வரும் புலியாட்டக்காரர் காதரை அசோகமித்திரன் 'புலிக் கலைஞ'னில் கொண்டுவருகிறார். முகமூடியை மாட்டிய அந்த நிமிஷம் ஆபீஸ் அறைக்குள் ஒரு புலி வந்துவிடுகிறது. உடம்பு எப்படி ஒடுங்கியது, எப்படித் தாவியது என்று மட்டுமே எழுதுகிறார். 'மகத்தான கலை' என்று எங்கும் அடைமொழி போடுவதில்லை. பிறகு ஒரு வாய்ப்பு வரும்போது போட்ட கடிதம் ஆள் கிடைக்காமல் திரும்பி வருகிறது. வடசென்னையில் மொகரத்துக்கும் திருவிழாவுக்கும் புலி வேஷம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதே இல்லை. ஒருமுறை எங்கள் பக்கத்து வாசகர் கூட்டத்தில் இதைப் படித்தபோது, மதிப்புரைக்காரன் பேச மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. நானும் பேசவில்லை.

எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' 2018-க்கான சாகித்திய அகாதமி விருது பெற்றது. கரிசல் நாட்டு நாதஸ்வரக்காரர்களுக்குத் திருவிழாவில் நேரும் அவமானத்தில் தொடங்கி ஊர் ஊராகப் போகிறது. மேடையில் கிடைக்கும் மரியாதைக்கும் சாப்பாட்டுப் பந்தியில் கிடைக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை இதைவிட நேராகச் சொன்ன தமிழ் நாவல் குறைவு. அதோடு கூட வைத்துப் படிக்க வேண்டியது, நாவலே அல்லாத ஒரு புத்தகம். மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் 'செபாஸ்டியன் குடும்பக் கலை'யாக வந்திருக்கிறது. பாலக்காடு மணி அய்யரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தின் பெயரை எத்தனை ரசிகர்கள் அறிவார்கள்? பசு, ஆடு, எருமை என்று மூன்று தோலும் சேர்ந்தால்தான் அந்த வாத்தியம் பேசும். தோலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, பதப்படுத்துவது, வார் இழுத்துக் கட்டுவது, வலந்தலை நடுவில் கறுப்பு வட்டத்தை அடுக்கு அடுக்காக ஏற்றுவது எல்லாம் தலித் கைகளின் வேலை. வாசிப்பவருக்கு வேண்டிய நாதம் இன்னதென்று காதால் பிடித்து, அதைத் தோலில் கொண்டுவருகிறவரை வெறும் 'ரிப்பேர் செய்பவர்' என்று சொல்லிக் கடந்திருக்கிறோம். இந்தப் புத்தகத்தைச் சாதி பற்றிய நூலாக மட்டும் மதிப்பிட்டவர்கள் பாதியைத்தான் படித்தார்கள் என்பேன். ஒரு தொழில்நுட்ப நூலாகவும் இதைப் படிக்க வேண்டும். ஆலையில் வேலை பார்த்த எனக்கு அந்தப் பகுதிகள்தான் சாதியைப் பற்றி அதிகம் சொல்லின. யார் கையில் எந்த அறிவு இருக்கிறது, யார் பெயரில் அது கைதட்டல் வாங்குகிறது என்பது வார் இழுக்கும் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

துப்பறியும் கதையில் கலைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் ஓரான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு' நாவலைப் படிக்கலாம், ஜி. குப்புசாமியின் தமிழில். 1591-ஆம் வருஷத்து இஸ்தான்புல், நுண்ணோவியர்களின் பட்டறை, அங்கே ஒரு கொலை. கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கும் துப்பு ஓவியத்துக்குள்ளேயே இருக்கிறது. அது என்ன என்று மதிப்புரையில் சொல்லிவிடக் கூடாது, இங்கும் சொல்லமாட்டேன். தன் கையை மறைத்து ஆசானின் கையாகவே வரைய வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் தர்மம். அப்படி மறைத்தும் ஒருவன் கை எங்கே வெளியே வந்துவிடுகிறது என்பதுதான் விசாரணை. கலை இல்லாவிட்டால் அந்தக் கொலைக் கதையே இல்லை. சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ'வில் நாட்டுப்பாடல் சேகரிக்க ஒரு பையன் கிராமத்துக்குப் போகிறான். படிக்கச் சுவையான கதை. ஆனால் பாட்டு அங்கே கதைக்குள் நுழைய ஒரு வாசல், அவ்வளவே.

வாழ்ந்து மறைந்த கலைஞரை நாவலாக்கியிருந்தால் என் பேனா மெதுவாகிவிடும். சி. மோகனின் 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' ஓவியர் கே. ராமானுஜத்தைப் பற்றியது. 1941-ல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்து, 1973-ல் தானே முடிவைத் தேடிக்கொண்டவர். மனநோயும் திக்குவாயும் தனிமையும் அவரோடு இருந்தன. இப்படி ஒரு வாழ்க்கை கிடைத்தால் சினிமாக்காரர்கள் மட்டுமில்லை, மதிப்புரைக்காரர்களும் பைத்தியம்தான் மேதை என்று எழுதத் துடிப்பார்கள். ராமானுஜத்தின் மைச்சித்திரங்களைப் பாருங்கள். மாளிகைகள், பாம்புகள், விநோத மிருகங்கள், நடுவில் தொப்பி போட்ட அவர் உருவம். சின்னச் சின்னக் கோடுகளால் தாள் நிறைந்து கிடக்கும். ஆவேசத்தில் கிறுக்கினால் இது வராது. மணிக்கணக்காகக் குனிந்து உட்கார்ந்த பொறுமை அது. நோய் அவரை வரைய வைத்தது என்பதைவிட, நோய்க்கு நடுவிலும் அந்தப் பொறுமையை அவர் காப்பாற்றிக்கொண்டார் என்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது. அந்தப் படங்களோடு நெடுநாள் பழகியவர் சி. மோகன் என்பது நாவலில் தெரிகிறது. அதனால்தான் துயரத்தைக் காட்டிக் கண்ணீர் வாங்கும் புத்தகமாக அது ஆகிவிடவில்லை.

சோழமண்டலத்தைப் பற்றி எழுதும்போது கூட நான் காசைப் பார்ப்பேன். கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கிராமத்தை எழுப்பினார்கள். அரசு மானியத்தில் வந்ததல்ல. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற பணம் நிலத்துக்குப் போனது. பகலில் விற்பனைக்குத் துணி, மீதி நேரத்தில் தன் ஓவியம் என்று ஓடிய அந்த ஏற்பாட்டைச் சொல்லாமல், கடற்கரையில் கலைஞர்கள் கூடிக் கனவு கண்டார்கள் என்று மட்டும் எழுதும் புத்தகம் எனக்கு ஒவ்வாது.

சிற்பி எஸ். தனபாலின் 'ஒரு சிற்பியின் சுயசரிதை' இதற்கு நல்ல மாற்று. அவருடைய ஆசிரியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் மெரினாவில் 1959-ல் வைக்கப்பட்ட உழைப்பாளர் சிலையைச் செய்தவர். எங்கள் ஆலையில் அந்தச் சிலையைப் பற்றி ஒரு பெரிய விவாதமே நடந்ததுண்டு: நாலு பேரும் நெம்புகிற நெம்புக்கு அந்தப் பாறை நகருமா? நகரும் என்றார் கிரேன் இல்லாத காலத்தில் பம்ப்பை நகர்த்திய ஒரு மூத்த ஃபிட்டர். கால் ஊன்றியிருக்கும் விதத்தைப் பாருங்கள் என்றார். ராய் சௌத்ரி மல்யுத்தம் பழகியவர் என்று பிற்பாடு படித்தபோது ஃபிட்டரின் தீர்ப்பு சரி என்று எடுத்துக்கொண்டேன்.

பார்க்காமல் எழுதக் கூடாது என்பதே இந்த வேலையில் நான் வைத்திருக்கும் ஒரே கட்டுப்பாடு. செப்புத்திருமேனி பற்றிய நூல் என்றால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராஜர் முன் நின்றுவிட்டு வருவேன். பக்கத்துக் கட்டடம் 1896-ல் திறந்த கன்னிமரா நூலகம். நாட்டில் அச்சாகும் நூல்களுக்கு அங்கே ஒரு படி போய்ச் சேர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஓவியப் புத்தகங்கள் விற்கும் விலைக்கு மாத்தூர்க்காரன் வேறு எங்கே போவது? வங்கி வேலை பார்த்துக்கொண்டே கும்பகோணத்தில் உட்கார்ந்து ஓவியர் மோந்திரியானைப் பற்றித் தமிழில் எழுதிய தேனுகா என் முன்னோடி. கலையைப் பற்றி எழுதக் கலைக்கூடத்துப் பட்டம் வேண்டியதில்லை என்று அவரைப் பார்த்தே தைரியம் வந்தது.

கடைசியாக, புத்தகத்துக்குள்ளேயே வேலை செய்தும் மதிப்புரையில் இடம் பெறாத கலைஞர்களைச் சொல்ல வேண்டும். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்தபோது வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்தவர் மணியம். 'தில்லானா மோகனாம்பா'ளுக்குக் கோபுலு. தேவனின் எழுத்தோடு 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று கோயில் கோயிலாகப் போய் வரைந்தவர் சில்பி. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது ஆதிமூலத்தின் கோடுகள் கூடவே வந்தன. சினிமா பழக்கிய ஜரிகை மன்னர்களை ஒதுக்கிவிட்டு 'வாளோர் ஆடும் அமலை'யில் தமிழ் மன்னர்களை வேறு உடம்போடு வரைந்தார் டிராட்ஸ்கி மருது. பொன்னியின் செல்வன் நாட்டுடைமையான பிறகு படமே இல்லாத மலிவுப் பதிப்புகள் குவிந்தன. அவற்றைப் படித்து வளர்ந்தவர்களுக்கு மணியம் யாரென்றே தெரியாமல் போனது. தமிழ்மகனின் 'வெட்டுப்புலி' ஒரு தீப்பெட்டிப் படத்தில் இருக்கும் மனிதரின் கதையைத் தேடிப் போகிறது. திருவள்ளூர் வட்டாரத்து மண் அதில் இருப்பதால் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் படித்தோம். படித்து முடித்ததும் எனக்கு எழுந்த கேள்வி, அந்த லேபிளை வரைந்தவர் யார்?

ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் ராயபுரம் சந்துகளிலும் எழுதப்பட்ட கடைப் பலகை ஒவ்வொன்றின் கீழ் மூலையிலும் 'இன்ன ஆர்ட்ஸ்' என்று ஒரு கையெழுத்து இருக்கும். கூலிக்கு எழுதியவர்களே பெயர் போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு வரும் பல தமிழ்ப் புத்தகங்களில் முகப்போவியர் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது, சிலவற்றில் அதுவும் இல்லை. இது பதிப்பகங்களின் தப்பு என்று முழுதும் தள்ளிவிட முடியாது. ஒரு பத்திரிகைக்கு நான் அனுப்பிய மதிப்புரையில் படங்களைப் பற்றிய பத்திதான் இடமில்லை என்று முதலில் வெட்டப்பட்டது.

மதிப்புரை எழுதும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை என்று மேலே போடும் வரியில் முகப்போவியர் பெயரையும், உள்ளே படம் வரைந்தவர் இருந்தால் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். புத்தகத்தில் பெயர் அச்சாகவில்லை என்றால் பதிப்பகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நான் கேட்டவரையில் யாரும் சொல்ல மறுத்ததில்லை.